மோரிஸ் மைனருக்கு ஒரு பிரேக் பம்பு

புக்கிட் பெலிம்பிங்,
கோலசிலாங்கூர்.
9.2.1986

அன்புள்ள அண்ணன் இருசப்பன் அவர்களுக்கு,

தம்பி சின்னையா எழுதுவது. நானும் அம்சவள்ளியும் சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகமும் அண்ணி, மகள் ரமணி சுகமும் அறிய ஆவல். தைப்பூசத்தன்று பத்துமலைக் கூட்டத்தில் உங்களோடு நின்று நாலு வார்த்தை பேச முடியவில்லை. அண்ணியின் கால் வீக்கம் வற்றியதா?

இன்று சீனப் பெருநாள். தோட்டத்தில் வேலை இல்லை. காலையிலிருந்து என் மோரிஸ் மைனர் காடிக்குக் கீழே படுத்துக் கிடந்துவிட்டு இப்போதுதான் கை கழுவி உட்கார்ந்தேன். எழுதக் காரணமும் அந்தக் காடிதான்.

மோரிஸ் மைனரின் பிரேக் பம்பு போய்விட்டது. தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதிய பழைய கிராணியார் என்னிடம் விற்றுவிட்டுப் போனபோதே அதற்கு இருபது வயது. இப்போது முப்பது. எஞ்சினில் குறை சொல்ல முடியாது. பிரேக்கை மிதித்தால்தான் பஞ்சை மிதித்த மாதிரி இறங்குகிறது. இரண்டு மூன்று முறை அடித்து மிதித்தால் பிடிக்கிறது. பம்பு இருப்பது ஓட்டுபவர் காலடித் தகட்டுக்குக் கீழே. எங்கள் போர்மேன் ராஜு தகட்டைக் கழற்றி ரப்பரை மாற்றிக் கொடுத்தார். ஒரு வாரம் நின்றது. மறுபடியும் எண்ணெய் ஒழுகுகிறது. "ரப்பர் மேல குத்தம் இல்ல சின்னையா. பம்பு உள்ள குழி குழியா அரிச்சிக் கெடக்கு. முழுசா மாத்தணும்" என்கிறார்.

கிள்ளானில் நாலு கடை ஏறி இறங்கினேன். ஒரு சீனர், "இந்தக் காடியா? மியூசியத்துக்குக் குடுத்துரு லா" என்று சிரித்தார். ஏஜென்சியில் இந்த மாடலுக்குச் சாமான் வரவழைப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறதாம்.

நீங்கள் ரவாங்கில் ஸ்பேர் பார்ட் கடையிலேயே இருக்கிறீர்கள். உங்கள் கண்ணில் படாத சாமானா? எனக்காகக் கொஞ்சம் தேடிப் பாருங்கள். பம்பின் நம்பரைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஆசைக்காகக் கேட்கவில்லை. லயத்திலிருந்து பெரிய சாலைக்கு நாலு மைல் செம்மண் ரோடு. மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் வருவது வாரத்துக்கு இரண்டு நாள். மற்ற நாளில் யாருக்கு என்ன வந்தாலும் என் வாசலில்தான் வந்து நிற்கிறார்கள். பக்கத்து வீட்டு அப்பளசாமியின் மனைவி லெட்சுமிக்கு ஜூன் மாதம் பிரசவம். போன தடவை ரத்தம் நிற்காமல் பெரும்பாடு பட்டாள். இந்த முறை வலி கண்டதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று டிரஸ்ஸர் சொல்லிவிட்டார். அப்பளசாமி இப்போதே தினமும் வந்து, "காடி எப்புடி இருக்கு?" என்று விசாரிக்கிறார்.

அண்ணியை நாங்கள் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புத் தம்பி,
சின்னையா


சுங்கை சோ,
ரவாங்.
25.2.1986

அன்புத் தம்பி சின்னையாவுக்கு,

அண்ணன் எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. இங்கு எல்லோருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் அண்ணிக்கு வீக்கம் வற்றிவிட்டது. வெயிலில் நின்றால் மட்டும் வலிக்கிறது என்கிறாள். அம்சவள்ளியை விசாரித்ததாகச் சொல்.

நீ கேட்ட பம்பு எங்கள் கடையில் இல்லை. நம்பரைப் பார்த்து ஸ்டோர் முழுக்கத் துழாவிவிட்டேன். இப்போதெல்லாம் வருவது ஜப்பான் காடிச் சாமான்தான். ஆனாலும் பழைய காடி உடைக்கிறவர்கள் நாலைந்து பேர் எனக்குப் பழக்கம். சொல்லி வைக்கிறேன்.

கடை நிலைமை சரியில்லை. பதினொரு பேர் இருந்த இடத்தில் ஆறு பேர் இருக்கிறோம். சீனப் பெருநாள் முடிந்ததும் கடை முதலாளி டவுக்கே இரண்டு பேரைக் கூப்பிட்டு, "வியாபாரம் இல்ல, என்ன செய்ய?" என்று அனுப்பிவிட்டார். அடுத்தது யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ரமணி ஐந்தாம் பாரம் முடித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. போடாத இடமில்லை மனு. எந்தத் தொழிற்சாலை வாசலிலும் ஆள் தேவையில்லை என்ற போர்டுதான். முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசுவாள். இப்போது கூப்பிட்டால்தான் அறையை விட்டு வருகிறாள். இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

பம்பு கிடைக்கும்வரை அவசரத்துக்கு மட்டும் காடியை எடு.

உன் அண்ணன்,
இருசப்பன்


சுங்கை சோ,
20.4.1986

அன்புத் தம்பி சின்னையாவுக்கு,

நலம். உங்கள் இருவர் நலத்தையும் எதிர்பார்க்கிறோம். இரண்டு மாதமாக நல்ல சேதி இல்லாததால் எழுதவில்லை. இன்று இருக்கிறது.

கோலகுபு பாருவில் ஒரு பழைய பட்டறையை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நேற்று மத்தியானம் பஸ் ஏறிப் போனேன். பட்டறைக்காரர் இறந்துவிட்டார். மகன்கள் சாமான்களை மூட்டை மூட்டையாகப் பழைய இரும்புக்காரனுக்கு எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று மணி நேரம் கிளறினேன். சட்டையெல்லாம் கரி. கடைசி அலமாரியின் அடித்தட்டில் கிடந்தது தம்பி, பெட்டி பிரிக்காத பிரேக் பம்பு. நீ எழுதிய நம்பர் அப்படியே பெட்டி மேல் இருக்கிறது. மெழுகுத்தாளைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே கண்ணாடி மாதிரி மின்னுகிறது.

இதை எழுதும்போது அது எங்கள் அலமாரி மேல் இருக்கிறது. உன் அண்ணி, "அது என்ன, சாமி சிலையா? அத்தன தடவ எடுத்து எடுத்துப் பாக்குறீங்க" என்று கேலி செய்கிறாள். பஸ்ஸில் கொடுத்தனுப்ப மனம் வரவில்லை. எப்போது வருகிறாய்?

உன் அண்ணன்,
இருசப்பன்


புக்கிட் பெலிம்பிங்,
22.4.1986

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் கடிதத்தை அம்சவள்ளியிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். ராஜு போர்மேனிடமும் காட்டினேன். "உங்கண்ணன் பெரிய ஆளுய்யா" என்றார். அப்பளசாமி வீட்டில் சொன்னதும் லெட்சுமி கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. கும்பிட வேண்டியது உங்களை.

மே முதல் தேதி தொழிலாளர் தின விடுமுறை. அன்று காலை பஸ் பிடித்து நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். ராஜு மூன்றாம் தேதியே மாட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ரமணிக்குப் பிடித்த கருவாடு கொண்டுவருகிறேன். அண்ணி மதியச் சாப்பாட்டுக்கு எனக்கும் சேர்த்து உலை வைக்கட்டும்.

அன்புத் தம்பி,
சின்னையா


சுங்கை சோ,
28.4.1986

அன்புத் தம்பி சின்னையாவுக்கு,

நலம், நலமே வேண்டும்.

முதல் தேதி நீ வர வேண்டாம். பம்பு சரியில்லை. கடைக்கு எடுத்துப் போய் அளந்து பார்த்தேன். பெட்டி மோரிஸ் பெட்டிதான், உள்ளே இருப்பது வேறு ஏதோ காடியின் பம்பு. போல்ட் துளை பொருந்தாது. பழைய பட்டறைகளில் இப்படி மாறிக் கிடப்பது உண்டு. நானும் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

வேறு தேடுகிறேன். கட்டாயம் கிடைக்கும். நீ இரண்டு மூன்று முறை மிதித்தால் பிடிக்கிறது என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதற்குள் ஒன்றும் ஆகிவிடாது.

கடையில் வேலை அதிகம். இத்துடன் முடிக்கிறேன்.

இருசப்பன்


சுங்கை சோ,
18.5.1986

அன்புத் தம்பி சின்னையாவுக்கும் அம்சவள்ளிக்கும்,

இங்கு அனைவரும் நலம். உங்கள் பதில் வராததால் யோசனையாக இருக்கிறது.

ஒரு நல்ல சேதி. ரமணிக்கு வேலை கிடைத்துவிட்டது. ரவாங்கில் சட்டை தைக்கும் தொழிற்சாலையில், ஆபீஸ் வேலை. ஐந்தாம் தேதியே சேர்ந்துவிட்டாள். மேனேஜர் மிஸ்டர் குவெக் எங்கள் கடைக்கு வந்துபோகும் ஆள், நல்ல மனிதர். காலையில் அவள் தலை சீவி டிபன் எடுத்துக்கொண்டு கிளம்புவதை உன் அண்ணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள். வீட்டில் மறுபடியும் பேச்சுச் சத்தம் கேட்கிறது.

பம்பு இன்னும் கிடைக்கவில்லை. தஞ்சோங் மாலிமில் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். பிரசவத்துக்கு வேறு வண்டி ஏதாவது ஏற்பாடு செய்ய முடியுமா என்று பார். தோட்டத்து லோரி இருக்குமே.

உன் அண்ணன்,
இருசப்பன்


புக்கிட் பெலிம்பிங்,
15.6.1986

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

நான் சுகம். ரமணி வேலை விஷயம் படித்து மிகவும் சந்தோஷப்பட்டோம். உடனே பதில் போடாததற்கு மன்னிக்கவும். இங்கே ஒரு சம்பவம் நடந்துவிட்டது. யாரும் பயப்படும்படி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு லெட்சுமிக்கு வலி எடுத்துவிட்டது. சொன்ன நாளுக்கு மூன்று வாரம் முந்தியே. தோட்டத்து லோரி செம்பனைக் கொட்டை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போயிருந்தது. அப்பளசாமி வேலைக்காட்டில். வேறு வழியில்லாமல் நான்தான் எடுத்தேன். அம்சவள்ளி பின்சீட்டில் லெட்சுமியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். செம்மண் ரோடு முழுக்கப் பிரேக் பிடித்தது. பெரிய சாலைக்கு இறங்கும் சரிவில் மிதித்தேன். ஒன்றுமில்லை. மறுபடி அடித்தேன். தகட்டில் போய்த்தான் கால் முட்டியது. எதிரே மணல் லோரி. கைப்பிரேக்கை இழுத்துக்கொண்டே இடது பக்கம் ஒடித்தேன். காடி சாலையோரப் பாரிட்டுக் கால்வாய்க்குள் இறங்கிவிட்டது. தண்ணீர் அதிகமில்லை.

லோரிக்காரரே எங்களை ஏற்றிக்கொண்டு போனார். லெட்சுமிக்கு அன்று சாயங்காலம் ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். எனக்கு நெற்றியில் நாலு தையல். அம்சவள்ளிக்கு வலது கையில் அடி. லெட்சுமியின் வயிறு முன்சீட்டில் மோதாமல் இருக்கக் கையைக் குறுக்கே கொடுத்திருக்கிறாள். கிள்ளான் ஆஸ்பத்திரியில் முழங்கையில் தகடு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

இனி நீங்கள் பம்பு தேடி அலைய வேண்டாம்.

அன்புத் தம்பி,
சின்னையா


சுங்கை சோ,
13.7.1986

அன்புள்ள சித்தப்பாவுக்கும் சித்திக்கும்,

ரமணி எழுதுகிறேன். நானும் அம்மாவும் நல்லா இருக்கோம். சித்தி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். கை இப்போது எப்படி இருக்கிறது? நாங்கள் கிள்ளானுக்கு வந்து பார்த்த அன்று சித்தி சிரித்துக்கொண்டே, "எடது கையில சோறு சாப்பிடப் பழகிட்டேன்" என்று சொன்னது இன்னும் என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அப்பாவுக்கு அன்று வர முடியவில்லை. இப்போதெல்லாம் அவர் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. கடைக் கவலை என்று அம்மா சொல்கிறார்கள்.

சித்தப்பா, நான் எழுதுவது ஒரு ஹெல்ப் பண்ணலாம் என்றுதான். எங்கள் மேனேஜர் மிஸ்டர் குவெக்கிடமும் உங்களுடையது மாதிரியே ஒரு மோரிஸ் மைனர் இருக்கிறது. பச்சைக் கலர். சனிக்கிழமைதான் எடுத்து வருவார். போன வாரம் தைரியமாகப் போய், எங்கள் சித்தப்பா காடிக்கு பிரேக் பம்பு வேண்டும், எங்கே கிடைக்கும் சார் என்று கேட்டேன். அவர் சிரித்தார். "உங்க அப்பாவக் கேளு. நான் ஒரு வருஷமா தேடி எனக்குக் கெடைக்கல. ஏப்ரல்ல அவர்தானே புதுசா, பெட்டியோட ஒண்ணு எடுத்துக் குடுத்தார்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதே இடத்தில் இன்னொன்று இருக்கலாம் இல்லையா? அப்பாவிடம் கேட்டால் எரிந்து விழுகிறார். நீங்களே ஒரு தடவை ஞாபகப்படுத்திக் கேளுங்கள். நீங்கள் கேட்டால் செய்வார்.

லெட்சுமி அக்கா பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள்? அடுத்த மாதம் லீவு கிடைத்தால் வருவேன்.

உங்கள் மகள்,
ரமணி


சுங்கை சோ,
10.8.1986

அன்புத் தம்பி சின்னையாவுக்கு,

நலம். உன் நலமும் அம்சவள்ளி நலமும் அறிய ஆவல். உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாதது பெரிய தப்பு. பல தடவை எழுத உட்கார்ந்தேன். வேலை, அலைச்சல் என்று தள்ளிப் போய்விட்டது.

இந்த இரண்டு மாதத்தில் விடுமுறை நாள் ஒன்றும் நான் வீட்டில் இருக்கவில்லை. ஈப்போவுக்கு இரண்டு முறை போனேன். தைப்பிங்கில் ஒரு வக்கீல் வீட்டுக் கொட்டகையில் ஓடாத மோரிஸ் ஒன்று நிற்கிறது என்று கேட்டு, போய்க் கெஞ்சிக் கூத்தாடி பம்பைக் கழற்றி வாங்கி வந்தேன். உள்ளே சுத்தமாக இருக்கிறது. ரப்பர் எல்லாம் புதிதாகப் போட்டு நானே சோதித்துவிட்டேன். இந்தக் கடிதத்தோடு பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். ராஜுவிடம் கொடுத்து மாட்டிக்கொள்.

அம்சவள்ளிக்குக் கை எப்படி இருக்கிறது? எப்போது வேலைக்குப் போகலாம் என்கிறார்கள்? விவரமாக எழுது.

உன் அண்ணன்,
இருசப்பன்


புக்கிட் பெலிம்பிங்,
17.8.1986

அண்ணனுக்கு,

சுகம். அண்ணி சுகமா?

பம்பு வந்தது. காடியைப் பாரிட்டிலிருந்து தூக்கியபோதே முன்பக்கச் சட்டம் வளைந்திருந்தது. போன மாதமே பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டேன். பம்பை ராஜுவிடம் கொடுத்திருக்கிறேன், யாருக்காவது உதவும்.

அம்சவள்ளிக்கு முழங்கை நீளவில்லை. பாதியில் நின்றுவிட்டது. இதற்கு மேல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உளி பிடித்து ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்க முடியாது. பதினாறு வருஷமாக அவள் வெட்டிய நிரையை மண்டோர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். அவளைப் புல் பிடுங்கப் போட்டிருக்கிறார்கள்.

ரமணி கடிதம் போட்டிருந்தாள். மிஸ்டர் குவெக்கின் காடி நன்றாக ஓடுகிறதாம்.

சின்னையா


சுங்கை சோ,
31.8.1986

தம்பி சின்னையாவுக்கு,

நலமா என்று கேட்கக் கை கூசுகிறது.

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். உனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் அண்ணி சுகமா என்று கேட்டு எழுதியிருக்கிறாய். நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ஏப்ரல் இருபத்தேழு ஞாயிற்றுக்கிழமை. நீ வரப்போவதாக எழுதிய கடிதம் அதற்கு முன்பே எனக்கு வந்துவிட்டது. எனக்கு ஒரு மோரிஸ் பம்பு கிடைத்த கதையை டவுக்கே குவெக்கிடம் சொல்லியிருக்கிறார். மனிதர் வீட்டையே தேடி வந்துவிட்டார். பம்பைப் பார்க்கலாமா என்று மலாயில் கேட்டார். எடுத்துக் காட்டினேன். இது என் தம்பிக்கு என்று சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். "அப்படியா, பரவாயில்ல" என்றார். திரும்பவும் அலமாரி மேல் வைத்துவிட்டேன்.

ரமணி தேத்தண்ணி கொண்டுவந்தாள். மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டார். படித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள் என்றேன். அவளிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். இவள் தலை நிமிர்ந்து பதில் சொன்னாள். "ஆபீஸ்ல ஒரு ஆள் வேணும்தான். சர்ட்டிபிகேட் எடுத்துக்கிட்டுத் திங்கக்கெழம வரச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். பம்பைக் கொடு, வேலை தருகிறேன் என்று அவர் சொல்லவில்லை தம்பி. அந்தப் பேச்சே எடுக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் செருப்பு மாட்டப் போனார். நானே எழுந்து போனேன். நானே அலமாரி மேலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தேன். "தம்பிக்கு வேற பாத்துக்கிறேன் சார்" என்றேன். நான் கொடுக்காமலே இருந்திருந்தாலும் அவளுக்கு வேலை கிடைத்திருக்கலாம். அது எனக்கு இனி எந்தக் காலத்திலும் தெரியப் போவதில்லை.

உன் அண்ணி அடுக்களையிலிருந்து வந்து, "பம்பு எங்க?" என்றாள். அளவு பொருந்தாதாம், மாற்றக் கொடுத்தேன் என்று அவளிடமும் பொய் சொன்னேன். மறுநாள் உனக்கு எழுதினேன்.

ஒரு மாதத்தில் இன்னொன்று பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். நீ இரண்டு மூன்று முறை மிதித்தால் பிடிக்கிறது என்று எழுதிய வரியை எனக்குச் சாதகமாக எடுத்து எடுத்துப் படித்துக்கொண்டேன். கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு அண்ணியையும் ரமணியையும் பஸ் ஏற்றிவிட்டு நான் பஸ் ஸ்டாண்டிலேயே சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன்.

ரமணியை வேலையை விடச் சொல்லப் போகிறேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு அவள் என் முகத்தில் விழிக்காவிட்டாலும் சரி. நீ என்னைத் திட்டி ஒரு வரி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

இருசப்பன்


புக்கிட் பெலிம்பிங்,
21.9.1986

பெரிய மாமா அவர்களுக்கு,

அம்சவள்ளி எழுதுவது. இங்கே அவர் சுகம். அக்காவையும் ரமணியையும் விசாரித்ததாகச் சொல்லவும். எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைத் தொடங்கி இன்றோடு நாலு நாள்.

உங்கள் கடிதத்தை அவர் என்னிடம் மறைத்து வைத்திருந்தார். பெட்டியடியில் பார்த்து நானே எடுத்துப் படித்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புவரை படித்தவள்தான் நான்.

அவரிடம் கேட்டேன். "பிரேக்கு சரியில்லன்னு தெரிஞ்சே ஓட்டுனவன் நான். அண்ணன மட்டும் சொல்லி என்ன புள்ள?" என்றார். உங்களுக்கு அப்படியே எழுதிவிடலாம் என்று இருக்கிறார். நான்தான் இப்போது எழுத வேண்டாம் என்று நிறுத்தி வைத்தேன். நீங்கள் அவரிடம் தப்பை ஒப்புக்கொண்டீர்கள். அவர் தன் மேலும் தப்பு இருக்கிறது என்கிறார். அண்ணனும் தம்பியும் உங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளப் பார்க்கிறீர்கள். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்துப் பார்த்தேன். என் பெயர் அதில் ஒரு இடத்திலும் இல்லை. கை என்னுடையது மாமா.

காலையில் மற்ற பெண்கள் வாளியும் உளியுமாகப் போகும்போது நான் வாசல் கூட்டுவதை விட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறேன். அவர்கள் பார்வையைத் தாங்க முடியவில்லை. லெட்சுமி தினமும் பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டு எனக்குத் தலை வாரிப் பின்னிவிடுகிறாள். எனக்கு நானே பின்னிக்கொள்ள முடியாது. அந்தப் பிள்ளை நல்லபடியாக இருக்கிறான். அதற்காக நான் கை கொடுத்தேன், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கொடுக்க வேண்டி வந்ததே, அதற்கு வருத்தம் உண்டு. நிறைய உண்டு.

ரமணி வேலையை விடக் கூடாது. அவளிடம் நீங்கள் ஒன்றும் சொல்லவும் கூடாது. நல்ல மனசோடு சித்தப்பாவுக்கு ஹெல்ப் பண்ண எழுதிய பிள்ளை. இந்தப் பாரத்தை அவள் தலையில் இறக்கி வைத்துவிட்டு நீங்கள் லேசாகிவிடலாம் என்று பார்க்காதீர்கள். அவள் வேலைக்குப் போகட்டும், நல்ல இடத்தில் கல்யாணம் ஆகட்டும். இது உங்களோடும் எங்களோடும் இருக்கட்டும்.

திட்டி எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குத் திட்ட வரவில்லை. பரவாயில்லை என்று சொல்லவும் வரவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் வருமா என்று தெரியாது. வராமலே போகவும் கூடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மட்டும் இங்கே வர வேண்டும். பழம், பிஸ்கட் என்று ஒன்றும் வாங்கி வர வேண்டாம். அவரை நான் அப்பளசாமி அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். கடிதத்தில் எழுதியதையெல்லாம் என் எதிரில் உட்கார்ந்து வாயால் சொல்லுங்கள். நான் கேட்பேன். மத்தியானம் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். ஒரு கையால் சமைக்க எனக்கு நேரம் பிடிக்கும். அத்தனை நேரமும் நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அம்சவள்ளி